“படியில விழுந்துட்டேன்” என்று சொல்லும் பெண்ணைக் காஷுவாலிட்டியில் கவனிப்பது எப்படி?

கேள்வி இது. தாலுகா மருத்துவமனை, நைட் டியூட்டி. முப்பது வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே வீக்கம், புருவத்தில் கிழிசல், இடது முன்கையில் கடும் வலி. படியில் விழுந்ததாகச் சொல்கிறார். கேட்பதற்கெல்லாம் பக்கத்தில் நிற்கும் கணவரே பதில் சொல்கிறார். தையல் போட்டு அனுப்பிவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். ஸ்டாஃப் நர்ஸாக இருப்பவர் இதில் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்பது, எழுதி வைத்தால் அந்தப் பெண்ணுக்கே வினையாகிவிடாதா?

கேட்கத்தான் வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய சராசரி 29 சதவீதம். ஆனால் அவரிடம் உண்மையைக் கறப்பதும் கணவரை விட்டு வரச் சொல்வதும் உங்கள் வேலையில் சேராது. இன்றிரவு உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நாளை மறுபடி வர ஒரு வழியைத் திறந்து வையுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டால், அவர் இன்றைக்கு ஒன்றுமே சொல்லாமல் போனாலும் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள்.

முதலில் தனிமை வேண்டும். கணவரை “வெளியே போங்க” என்றால் சந்தேகம் கிளம்பும், அதன் விலையை வீட்டில் அந்தப் பெண் கொடுப்பார். மருத்துவக் காரணம் சொல்லிப் பிரியுங்கள், பொய்யே தேவைப்படாது. முன்கைக்கு எக்ஸ்ரே வேண்டும். குழந்தை பெறும் வயதில் இருப்பவருக்கு எக்ஸ்ரேக்கு முன்னால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். “யூரின் டெஸ்ட் எடுத்துட்டு டிரஸ்ஸிங் ரூமுக்கு வாங்க, சார் ஓ.பி. சீட்டு பதிஞ்சுட்டு வரட்டும்” என்றால் பத்து நிமிடம் கிடைத்துவிடும். மாமியார், நாத்தனார், ஏன் அம்மாகூட அப்போது உள்ளே வேண்டாம். பேச்சு புரியும் வயதுக் குழந்தையும் வேண்டாம், அது வீட்டுக்குப் போய் அப்படியே ஒப்பிக்கும். திருப்பூர், ஓசூர் பக்கம் வடமாநிலப் பெண்கள் வந்தால் கணவரையோ மேஸ்திரியையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். மருத்துவமனைப் பணியாளர்களில் மொழி தெரிந்த ஒரு பெண்ணைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

அவர் வாய் திறப்பதற்கு முன் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். ஒன்று, நீங்கள் சொல்வதை வார்டில் யாரிடமும் பேச மாட்டேன். இரண்டு, அந்த வாக்குறுதிக்கு ஓர் எல்லை உண்டு. அடித்த காயம் என்றால் டாக்டர் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) போடுவார், போலீசுக்குத் தகவல் போகும் நடைமுறை இருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, வேண்டாம் என்றால் அதையும் எழுதி வைப்பார்கள். 18 வயது நிரம்பாத பெண் என்றால் கணக்கே வேறு. கல்யாணம் ஆகியிருந்தாலும் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு இதைச் சொன்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார், மறுபடி எந்த ஆஸ்பத்திரியிலும் பேச மாட்டார்.

பிறகு கேளுங்கள். “இந்த மாதிரி அடிபட்டு வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்மா. வீட்ல யாராவது உங்கள அடிச்சாங்களா?” இவ்வளவு நேராகக் கேட்டால் போதும். “ஏதாவது பிரச்சனையா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்ல சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். “கொடுமை”, “வன்முறை” என்ற சொற்களைப் பலரும் தங்கள் வீட்டோடு பொருத்திப் பார்ப்பதில்லை. அடிச்சாரா, உதைச்சாரா, முடியைப் புடிச்சு இழுத்தாரா, கழுத்தப் புடிச்சாரா என்று செயலைச் சொல்லிக் கேட்க வேண்டும். “ஏன் இவ்வளவு நாள் சொல்லல?”, “அப்படி என்ன பேசுனீங்க?” என்பவை வேண்டவே வேண்டாம். இரண்டும் குற்றத்தை அவர் தலையிலேயே போடுகிற கேள்விகள்.

அவர் ஆமாம் என்றால் உடனே ஆலோசனையை ஆரம்பிக்காதீர்கள். உட்காருங்கள். நின்றபடி குளோவ்ஸ் மாட்டிக்கொண்டே கேட்பவரிடம் யாரும் பேச மாட்டார்கள். “நீங்க சொல்றத நான் நம்புறேன். அடிச்சது உங்க தப்பு இல்ல” என்ற இரண்டு வாக்கியத்துக்கு டிரஸ்ஸிங்கைவிடப் பெரிய வேலை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கையேடும் முதல்நிலை ஆதரவு என்று இதே வரிசையைத்தான் சொல்கிறது: கேட்டுக்கொள், தேவையை விசாரி, நம்புவதைத் தெரிவி, பாதுகாப்பைக் கூட்டு, உதவியோடு இணை. வருகிற பெண்கள் எல்லாரையும் கட்டாயமாக விசாரிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. காயமோ அறிகுறியோ சந்தேகம் தந்தால் கேட்கச் சொல்கிறது. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் தனிமையே இல்லாமல் எல்லாரிடமும் கேட்பதைவிட இதுதான் சரி என்பது என் கருத்தும்.

இல்லை என்றால் விட்டுவிடுங்கள். “சரிம்மா. எப்பவாவது பேசணும்னா காஷுவாலிட்டிக்கு வாங்க” என்று முடியுங்கள். மூன்றாவது நான்காவது முறை வரும்போதுதான் பலரும் சொல்வார்கள். இன்று நீங்கள் கேட்ட விதம் அன்றைக்குப் பலன் தரும்.

இனி உடம்பைப் பார்ப்போம். உண்மையிலேயே தடுக்கி விழுந்தவருக்கு உள்ளங்கை, முழங்கால், முழங்கை, நெற்றி என்று துருத்திய இடங்களில் சிராய்ப்பு இருக்கும். அடிபட்டவருக்குக் காயம் முகம், கழுத்து, மார்பு, வயிறு, முதுகு, தொடையின் உட்புறம் என்று நடுவுடம்பில் சேரும். கையை மடக்கி முகத்தை மறைத்தவருக்கு முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பு நடுவில் முறியும், நீங்கள் சொல்லும் பெண்ணின் இடது முன்கையில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். மேல்கையின் உட்புறத்தில் வரிசையாக நான்கு வட்டக் கன்றல், எதிர்ப்பக்கம் ஒன்று என்றால் இறுக்கிப் பிடித்த விரல்கள். குச்சியாலோ ஒயராலோ அடித்தால் நடுவில் வெளுத்து, இரண்டு பக்கமும் ரயில் தண்டவாளம் போல இணைகோடாகச் சிவக்கும். யாருமே பார்க்காமல் விடும் இடங்கள் மூன்று: காது மடலின் பின்புறம், உதட்டின் உட்புறம், தலைமுடிக்குள். முடியைப் பிடித்து இழுத்திருந்தால் தலைத்தோல் சொதசொதவென்று வீங்கியிருக்கும். கன்னத்தில் அறை விழுந்தவரிடம் காது அடைப்பு, இரைச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம். டாக்டர் பார்க்கும்வரை காதில் மருந்தோ எண்ணெயோ விடக் கூடாது, தண்ணீர் போகக் கூடாது. கன்றலின் நிறத்தை வைத்து “இது மூன்று நாள் பழசு” என்று எழுதாதீர்கள். நிறம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும், கோர்ட்டில் நிற்காது. வெவ்வேறு நிறத்தில் பல கன்றல்கள் இருந்தால் அதை அப்படியே பதியுங்கள்.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் தவறவிடப்படுவதும் உயிரைக் குடிப்பதும் இதுதான். “நெரித்தார்” என்ற சொல்லைப் பெண்கள் பயன்படுத்துவதில்லை. “குரவளையப் புடிச்சுட்டாரு”, “கழுத்துல கை வெச்சு சுவத்துல சாத்திட்டாரு” என்பார்கள். அந்தச் சொற்களாலேயே கேளுங்கள். ரத்த ஓட்டம் அடைபட்டால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும். வெளியே கையின் தடம் ஒன்றுமே இல்லாமலிருப்பது சகஜம், பாதிப்பேருக்குத் தடம் இருக்காது. அதனால் தடத்தைத் தேடுவதோடு நிறுத்தாமல் குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, எச்சிலை விழுங்க முடியாமல் துப்புகிறாரா, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா, நடந்ததில் இடையில் ஒரு துண்டு நினைவில்லையா என்று பாருங்கள். “அப்ப உங்களுக்குத் தெரியாமலே யூரின் போயிடுச்சா?” என்றும் கேட்க வேண்டும். வெட்கத்தால் தானாகச் சொல்ல மாட்டார், ஆனால் மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்ததற்கு அது பெரிய அடையாளம்.

ஆபத்து எங்கே என்றால், கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து அங்கே ரத்தம் உறைந்து, சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ பக்கவாதமாக வரும். குரல்வளை வீக்கமும் மெதுவாகத்தான் ஏறும். எஸ்.பி.ஓ.டூ (ரத்த ஆக்சிஜன் அளவு) 99 காட்டுகிறது என்பதை நம்பி அனுப்பாதீர்கள். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துங்கள், தூக்க மருந்து வேண்டாம். கழுத்துச் சுற்றளவை டேப்பால் அளந்து, அளந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைப் பேசச் சொன்னால் குரல் மாறுவது உங்கள் காதுக்கே தெரியும். நினைவு தவறியவர், குரல் மாறியவர், கழுத்து வலி உள்ளவரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி கழுத்து ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். “பேஷன்ட் கழுத்த நெரிச்சிருக்காங்க சார், குரல் கம்முது” என்று அறிகுறியோடு சொன்னால் தையல் போட்டு அனுப்பும் முடிவு பெரும்பாலும் மாறிவிடும்.

கர்ப்பப் பரிசோதனையில் ஆமாம் என்று வந்து, மாதமும் கூடியிருந்தால், வயிற்றில் உதைபட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். உதிரப்போக்கு வெளியே தெரியாமலே நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம். வயிறு கல்லு மாதிரி இறுகுவது, குழந்தை அசைவு குறைவது, நாடி ஏறுவது மூன்றையும் கவனியுங்கள். ஆறு மாதத்தை நெருங்கியவருக்குக் குறைந்தது 4 மணி நேரம் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிய வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் இடப்பக்கமாகப் படுக்க வைத்து சீமாங் மையத்துக்கு (அவசரப் பிரசவ, சிசு சிகிச்சை மையம்) 108-இல் அனுப்புங்கள். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி.

படுக்கையில் பலவந்தம் நடந்ததா என்பதைத் தனியாகக் கேளுங்கள், அடித்ததைச் சொல்பவர்கூட இதைத் தானாகச் சொல்ல மாட்டார். 18 வயது கடந்த மனைவியிடம் கணவர் செய்வதை நம் குற்றவியல் சட்டம் பாலியல் வன்கொடுமையாகக் கொள்வதில்லை. ஆனால் சிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, குடும்ப வன்முறைச் சட்டமும் பாலியல் துன்புறுத்தலை வன்முறையாகவே கொள்கிறது. கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே வேளை, முடிந்த மட்டும் சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள். எச்.ஐ.வி. தொற்று வாய்ப்பு இருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும். கர்ப்பமாகிவிட்டதென்றால், 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு கணவரின் பலவந்தமும் வன்கொடுமையே என்று சொல்லியிருக்கிறது. அவருக்கு 18 வயது நிரம்பியிருந்தால் கருக்கலைப்புக்கு அவர் கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்தைக் கேட்கும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

எழுதினால் வினையா என்று கேட்டீர்கள். எங்கே எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஏ.ஆர். பதிவேட்டிலும் கேஸ் ஷீட்டிலும் முழுதாக எழுதுங்கள். கணவர் கைக்குப் போகும் ஓ.பி. சீட்டிலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் காயமும் மருந்தும் மட்டும் போதும். “குடும்பத் தகராறு” என்று எழுதவே எழுதாதீர்கள், யார் யாரை அடித்தார் என்பதே அதில் இல்லை. நர்ஸஸ் நோட்ஸ் இப்படி இருக்க வேண்டும்: “‘நேத்து ராத்திரி 9 மணிக்கு வீட்டுக்காரர் ரீப்பர் கட்டையால இடது கையில ரெண்டு தடவ அடிச்சார்’ என்று நோயாளி தனிமையில் கூறினார். இடது முன்கை, சுண்டுவிரல் பக்கம், முழங்கைக்கு 8 செ.மீ. கீழே, 6 × 2 செ.மீ. சிவந்த கன்றல், வீக்கம், தொட்டால் வலி. நேரம் இரவு 11.40.” இடம், அளவு, நிறம், வடிவம், நேரம், அவருடைய வார்த்தை மேற்கோளில். படியில் விழுந்ததாகவே சொன்னாலும் அதையும் மேற்கோளில் எழுதி, பார்த்த காயத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பொருந்துகிறதா இல்லையா என்ற கருத்தை டாக்டர் எழுதட்டும். இரண்டு வருடம் கழித்துக் கோர்ட்டில் அந்தப் பெண்ணுக்காகப் பேசப்போவது இந்த நான்கு வரிதான்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மருத்துவமனை சிகிச்சை தர வேண்டும் என்கிறது. 2006 விதிகளில் 17-ஆவது விதி இன்னும் தெளிவு. முன்கூட்டி அறிக்கை பதியவில்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. பதியப்படவில்லையென்றால் மருத்துவமனைப் பொறுப்பாளரே முதலாம் படிவத்தை, அதாவது குடும்ப வன்முறை அறிக்கையை, நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கை நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். இது எஃப்.ஐ.ஆர். இல்லை என்பதைப் பெண்ணுக்கு விளக்குங்கள். கணவரை ஜெயிலுக்கு அனுப்பாமலே, அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். “புள்ளைங்க அப்பாவ உள்ள தள்ளிட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்றது” என்று தயங்குபவருக்கு இந்தத் தகவல் பெரிய ஆறுதல். மருத்துவ அறிக்கை நகலை அவரே கையில் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வார், அம்மா வீட்டிலிருந்து யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

அனுப்புவதற்கு முன் ஐந்து கேள்வி. கடந்த ஆறு மாதத்தில் அடி கூடியிருக்கிறதா? அரிவாள், கத்தி எதையாவது காட்டி மிரட்டியிருக்கிறாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? சதா சந்தேகப்படுகிறாரா? கொன்றுவிடுவார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? மூன்றுக்கு ஆமாம் என்றால் இன்றிரவு அந்த வீடு ஆபத்து. கழுத்தைப் பிடித்தது ஒன்றே போதும், அதற்கும் பின்னாளில் கொலையில் முடிவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அப்படிப்பட்டவரை “24 மணி நேரம் அப்சர்வேஷன்” என்று அட்மிட் செய்ய டாக்டரிடம் கேளுங்கள். தலைக்காயம், கழுத்து என்று மருத்துவக் காரணம் இருக்கவே இருக்கிறது. காலையில் 181-க்குப் பேசி, சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைக்கலாம். அங்கே ஐந்து நாள்வரை தங்க இடமும் சட்ட உதவியும் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், அதற்கு எண் 15100.

வீட்டுக்குத்தான் போவேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். விட்டு விலகும் நேரம்தான் அதிக ஆபத்தான நேரம், அதை அவர்தான் நம்மைவிடச் சரியாகக் கணிப்பார். சண்டை ஆரம்பித்தால் அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் போக வேண்டாம், வாசல் பக்கம் நகருங்கள் என்று சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களைத் தெரிந்தவர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். துண்டுச்சீட்டு கொடுக்காதீர்கள், பர்ஸைக் குடைபவர் கையில் சிக்கும். 181 மூன்றே இலக்கம், மனப்பாடமாக இருக்கட்டும். போன் பண்ணினால் கால் லிஸ்டை அழிக்கச் சொல்லுங்கள். தையல் பிரிக்கும் நாளைச் சாக்காக வையுங்கள். புருவத் தையல் என்றால் ஐந்தாம் நாள், அதற்கு முன் ஒரு டிரஸ்ஸிங். “கண்டிப்பா அவங்களே நேர்ல வரணும்” என்று கணவர் காதுபடச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று, நல்லெண்ணத்தோடு கணவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பது, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது. அந்தப் பெண் நம்மிடம் சொல்லிவிட்டார் என்பதை நாமே காட்டிக்கொடுத்துவிடுகிறோம். கணவர் நம் முன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார், கதவு சாத்திய பிறகு நடப்பதைத் தடுக்க நாம் அங்கே இருக்க மாட்டோம்.

காயமே இல்லாமல் பூச்சிமருந்தோ அரளி விதையோ எலி பேஸ்டோ கொங்குப் பக்கம் சாணிப் பவுடரோ குடித்து வருபவரிடமும், நிலைமை சீரானதும் தனியாக இதே கேள்விகளைக் கேளுங்கள். எலி பேஸ்ட் என்றால் இரண்டாம் நாள் தெளிவாக எழுந்து உட்கார்ந்தாலும் விடாதீர்கள், கல்லீரல் அதற்குப் பிறகுதான் கெடும். ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லி வரும் தீக்காயத்தில், வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தைகளையும், வலி மருந்து கொடுத்த நேரத்தையும் நிமிடத்தோடு எழுதுங்கள். மரண வாக்குமூலம் கேள்விக்குள்ளாகும்போது அவர் தெளிவாக இருந்தாரா என்று இவற்றை வைத்துத்தான் விசாரிப்பார்கள். மாஜிஸ்திரேட் வரும்வரை உறவினர்கள் காதோடு காதாகப் பேச இடம் கொடுக்காதீர்கள்.

டியூட்டி மாறும்போது கட்டிலருகே கணவர் முன்னால் இதை ஒப்படைக்காதீர்கள், “போலீஸ் கேஸ்” என்று வார்டில் சத்தமாகச் சொல்லவும் வேண்டாம். நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்து, அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: தனியாக என்ன சொன்னார், கழுத்தை எத்தனை மணிக்குக் கடைசியாக அளந்தீர்கள், யாரைப் பார்க்க விடக் கூடாது, காலையில் யாருக்குப் போன் பண்ண அவர் சம்மதித்திருக்கிறார்.